அண்ணன் அனுப்பிய மூன்று மெயில்கள்

2004 ஜூன் 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். இலை அசையவில்லை. மாடித் தொட்டி காலி. வீட்டுக்கார அக்காவிடம் மோட்டார் போடச் சொல்ல வேண்டும்.

இன்றைய வேலை:
– மெயில் நிரலுக்கு என்கிரிப்ஷன் பேட்ச் (பூட்டுக்கான ஒட்டுத் துண்டு), மூன்றாவது திருத்தம்
– தமிழ் மொழிபெயர்ப்பில் விட்டுப்போன வரிகள்
– காஸ் புக் பண்ணுவது
– சீசன் டிக்கெட்

ஒன்றும் ஆகவில்லை. பத்தரைக்கு ஆபீசுக்குப் போன். அண்ணன். மறைமலைநகரில் ஏதோ பூத்திலிருந்து.

"ஸ்டெல்லா, என்னிய கேட்டுலயே நிறுத்திட்டானுங்கமா. சஸ்பெண்டாம். கைல ஒரு பேப்பரு குடுத்தானுங்க."

"இன்னாத்துக்காம்?"

"கம்பெனி ரிஜிஸ்டரு நகலு வெளியாளுக்கு அனுப்பிச்சேனாம். எப்டி தெரிஞ்சுது இவனுங்களுக்கு?"

அண்ணன் அங்கே ஒரு கம்பெனி டைம் ஆபீசில், வருகைப் பதிவு பார்க்கும் இடத்தில், பதினோரு வருஷம். விபத்துப் பதிவேடு எழுதுவதே அவன்தான். மார்ச்சில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் தொழிலாளி ஏழுமலைக்கு வலக்கையில் மூன்று விரல் போனது. அண்ணன்தான் எழுதினான். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பக்கமே வேறு பக்கம். விபத்தே நடக்கவில்லையாம், ஏழுமலை வீட்டில் வெட்டிக்கொண்டானாம். நல்ல காலம், அண்ணன் பழைய பக்கத்தை முன்பே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தான். செங்கல்பட்டில் ஏழுமலைக்காக வாதாடும் வக்கீல் மேடத்துக்கு யாருக்கும் தெரியாமல் எழுத ஒரு வழி கேட்டான். வழி காட்டினது நான்.

நான் ஓய்வு நேரத்தில், முகம் தெரியாத ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து எழுதும் மெயில் நிரல். இலவசம். யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதில் பூட்டு வைக்கும் வேலை என்னுடையது. சாவி வைத்திருப்பவர் மட்டுமே மெயிலைத் திறக்க முடியும். அண்ணனின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நானே போட்டுக் கொடுத்தேன். வக்கீல் மேடம் (வ.மேடம்) கம்ப்யூட்டரிலும். அண்ணன் மூன்று மெயில் அனுப்பினான், கம்பெனியிலிருந்தே.

"கம்பெனி லைன்ல போனா பாத்துட மாட்டானுங்க?" என்று கேட்டான் அன்றைக்கு.

"பாத்தாலும் ஒண்ணும் புரியாதுண்ணா. யாராலயும் படிக்க முடியாது." வாய் கூசாமல் சொன்னேன்.

ஜூன் 8, செவ்வாய்

தூக்கம் இல்லை. செங்கல்பட்டில் ஆறு பத்து எலக்ட்ரிக் ட்ரெயின். மடியில் அச்செடுத்த நிரல், நாற்பது பக்கம். சிவப்புப் பேனா. தாம்பரம் வரைக்கும் தலை நிமிரவில்லை.

பக்கத்து சீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "பரிச்சையாமா? உடம்பு இன்னாத்துக்கு ஆவும் இப்டி படிச்சா?" என்னைத்தான்.

பார்த்தது: சாவி உண்டாக்கும் பகுதி. சரி. தாற்காலிகக் கோப்பை அழிக்கும் பகுதி. சரி. வரைவு சேமிக்கும் இடத்து ஓட்டை, ஏப்ரலிலேயே அடைத்தாயிற்று. சரி. சரி, சரி, சரி. எல்லாம் சரி என்றால் அண்ணன் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்?

மடற்குழுவில், நிரல் எழுதும் அந்த ஏழெட்டுப் பேரில், யாருக்கும் சொல்லவில்லை. நிரலின் புது வெளியீட்டுக்கு இன்னும் மூன்று வாரம். இதையெல்லாம் ஒருங்கிணைக்கும் யோனாஸ், ஐரோப்பாவில் எங்கோ ஒரு குளிர் ஊர்க்காரர், ஒரே கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார்: பேட்ச் எப்போது? பதில் போடவில்லை.

காஸ் புக் பண்ணவில்லை.

ஜூன் 10, வியாழன்

சாயங்காலம் அண்ணன் வந்தான், சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து. காப்பி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஜெராக்ஸ் விஷயம் கம்பெனில ரெண்டே பேருக்குத் தெரியும். நானு, சேகரு. உன் பொட்டியில யாரும் படிக்க முடியாதுன்னா, அப்பறம் யாரு?"

சேகர், டைம் ஆபீசில் அண்ணனுக்கு அடுத்த மேஜை. ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அண்ணன் கல்யாணத்தில் பந்தி பார்த்ததே சேகர்தான். பழைய பக்கத்தைக் கண்ணால் பார்த்த இன்னொரு ஆளும் அவர்தான். போன மாதம் சூப்பர்வைசர் ஆர்டர் வந்தது அவருக்கு. அதுவும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது அண்ணனுக்கு.

காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றிருக்கிறான். பஸ்ஸிலிருந்து இறங்கின சேகரை, அத்தனை பேர் முன்னால்.

"இன்னா சொன்னண்ணா?"

"காட்டிக் குடுத்து சூப்பர்வைசரு ஆன நாயேன்னேன். சட்டையப் புடிச்சேன். அவன் ஒண்ணுமே சொல்லல. நின்னுகினே இருந்தான். தப்பு பண்ணாதவன் அப்டி நிப்பானா?"

இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன்: அவன் சேகர் பெயரைச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. பூட்டில் தப்பில்லை. என் நிரலில் தப்பில்லை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு தோசை கூடவே ஊற்றினேன்.

ஜூன் 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அண்ணனோடு மாமல்லபுரம் பஸ். ஏழுமலை வீடு ஊருக்கு வடக்கே, கடற்கரைக் குப்பத்தில். உப்புக் காற்று, மணல் காலைச் சுட்டது. வழி நெடுக உளிச் சத்தம். வெள்ளைக்காரர்கள் கல் யானைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏழுமலை வாசலில் ஸ்கூல் நோட்டு வைத்துக்கொண்டு இடது கையால் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். பக்கம் முழுக்க ஏழுமலை, ஏழுமலை. எழுத்து ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு.

"அண்ணாத்த, என்னால உன் வேல பூடுச்சே."

"பூடல. சஸ்பெண்டுதான். இருபத்தொண்ணாந்தேதி விசாரண கீது. அதுல பாத்துக்கலாம்."

அவர் மனைவி வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். வீட்டில் இருந்ததே அந்த இரண்டு துண்டுதான் என்று நினைக்கிறேன். எனக்கு இறங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணனிடம் வ.மேடம் சொன்னதைச் சொன்னேன். ஜெராக்ஸ் மட்டும் இருந்தால் நீயே தயார் பண்ணினது என்பார்கள். சேகர் வந்து 'பழைய பக்கத்தை நானும் பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் வேலையைத் தொட முடியாது.

"அவன் கால்ல வுழச் சொல்றியா?"

"அவருதான்னு உனுக்கு மெய்யாலுமே தெரியுமாண்ணா?"

"நீதானமா சொன்ன, உன் பொட்டிய யாரும் தொறக்க முடியாதுன்னு."

கேளம்பாக்கம் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன் என்று எழுத வந்தேன். அந்தப் பஸ் அந்த வழி போவதே இல்லை, திருக்கழுக்குன்றம் வழி. எதைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 16, புதன்

அரை நாள் லீவு. வ.மேடம் ஆபீஸ், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்து. வைரஸ் ஏதாவது புகுந்திருக்கிறதா பார்க்கலாம் என்று போனேன். அவர் கோர்ட்டில். குமாஸ்தா கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தார்.

நிரலைத் திறந்தேன். சாவிக்கான பாஸ்வேர்டு கேட்டது. அது வ.மேடத்துக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கேன்சல் அடித்தேன். வந்த மெயில்களின் பட்டியல் மட்டும் திரையில். யார் அனுப்பினது, தேதி, பொருள்.

அண்ணனின் மூன்று மெயில். மூன்றுக்கும் பொருள் வரி முழுசாக, பச்சையாக. ஆபீஸ் இங்கிலீஷ், சப்ஜெக்ட் என்று ஆரம்பித்து ரிகார்டிங் என்று முடிகிறது. தமிழில் சொன்னால் முதலாவது இது:

பொருள்: பிரஸ் ஷாப் தொழிலாளி திரு. ஏழுமலை அவர்களின் வலக்கை மூன்று விரல்கள் துண்டானது – அசல் விபத்துப் பதிவேட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ் என்னிடம் உள்ளது – வழக்கில் சேர்ப்பது சம்பந்தமாக.

சாவி போடாமலே படிக்கலாம். குமாஸ்தா படித்தார். "ஒங்க அண்ணன் ஷோக்கா எழுதறாருமா, மனு மாரியே கீது" என்றார்.

மனுதான். அண்ணன் மனு எழுதியே வளர்ந்தவன். பட்டாவுக்கு, சாதிச் சான்றிதழுக்கு, காலனிக்குத் தண்ணீர்க் குழாய்க்கு. கருங்குழியில் எங்கள் தெரு மனு எல்லாம் அவன் எழுதினதுதான். மனுவில் விஷயம் முழுக்க மேலே பொருளில் வந்துவிட வேண்டும். அதிகாரி அதற்குக் கீழே படிக்க மாட்டார். கீழே ஒரே வரி: மேற்கண்ட பொருளின்படி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த நாட்டில் ஆபீசில் வேலை செய்யும் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நானே லீவ் லெட்டர் அப்படித்தான் எழுதுகிறேன்.

பூட்டு உறைக்குள் இருக்கும் கடிதத்துக்கு மட்டும். பொருள் வரி உறைக்கு மேலே. இது எனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். மெயில் அப்படித்தான் போகும், போகிற வழியில் இருக்கும் எல்லா சர்வரும் அதைப் படிக்கும். என் பூட்டு இரவு பகலாகக் காவல் காத்தது 'ஆவன செய்யுமாறு' என்ற ஒரு வரியை.

வீட்டுக்கு வந்து மடற்குழுவின் பழைய கடிதங்களைத் தேடினேன். பிப்ரவரியில் ஒருத்தர் கேட்டிருக்கிறார்: பொருள் வரி மறையாது என்று ஒரு எச்சரிக்கை போடலாமா? பதில் எழுதியிருப்பது நான். எச்சரிக்கை அதிகமானால் யாரும் படிக்க மாட்டார்கள், இது பயனர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். போதாததுக்குப் பூட்டுப் போட்டதும் திரையின் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும்படி செய்ததும் நான். அந்தப் பட்டை பொருள் வரியையும் சேர்த்தே சுற்றிக்கொள்ளும். அழகாக இருக்கிறது என்று நாலு பேர் பாராட்டினார்கள்.

சேகர் ஒரு பாவமும் அறியாதவர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். அவனுக்கு அடுத்த வீட்டுப் போன் நம்பர் இருக்கிறது. எடுத்தேன். வைத்தேன்.

ஜூன் 17, வியாழன்

சொல்லவில்லை. ஏன் என்றால்:
– அண்ணிக்கு ஜுரம்
– அடுத்த வீட்டுப் போனில் பேசுகிற விஷயம் இல்லை
– முதலில் தப்பைச் சரிசெய்துவிட்டு, 'இனிமேல் யாருக்கும் இப்படி ஆகாது' என்று சொன்னால் கொஞ்சம்

மூன்றாவதை முடிக்கக்கூட முடியவில்லை. கொஞ்சம் என்ன? கொஞ்சம் குறைவாகத் திட்டுவானா?

விடியற்காலை நாலரைக்கே உட்கார்ந்து எழுதினேன். பூட்டின மெயிலை அனுப்பும்போது பொருள் வரியில் ஏதாவது இருந்தால் நிறுத்திக் கேட்கும்: இந்த வரி பூட்டப்படாது, யாரும் படிக்கலாம். காலியாக்கவா? மஞ்சள் பட்டையைப் பொருள் வரிக்குக் கீழே இறக்கினேன். மொத்தம் அறுபது வரிகூட இல்லை. ட்ரெயினைத் தவறவிட்டேன். ஆபீசில் தலைவலி என்று பொய்.

பிப்ரவரியில் இதை எழுத ஒரு காலை போதுமாக இருந்திருக்கும்.

மத்தியானம் அண்ணனே போன் செய்தான். குரல் இறங்கிப்போயிருந்தது. "அந்த சேகரு பய மூஞ்சி கண்ணுல நிக்குதுமா. பதினோரு வருசம் ஒரே தட்டுல துன்னோம்." அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அதனால் இல்லை. பயம். என் அண்ணன் என்னைப் பற்றி ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறவன், என் தங்கச்சி கம்ப்யூட்டரே எழுதும் என்று. லீவு நாளில் கூலி வேலைக்கும் போய் என் காலேஜ் ஃபீஸ் கட்டினவன். அவன் முகத்தில் அது போய்விடும் என்ற பயம்.

நாளைக்கு.

ஜூன் 18, வெள்ளி

பேட்சைக் குழுவுக்கு அனுப்பினேன். நடந்ததையும் எழுதினேன், பெயர் இல்லாமல். எனக்குத் தெரிந்த ஒருவர், எங்கள் பூட்டை நம்பினார், வேலை போகும் நிலை. என் தவறு என்றும் எழுதினேன். இங்கிலீஷில் எழுதுவது சுலபமாக இருந்தது. முகம் தெரியாத ஏழெட்டுப் பேருக்குச் சொல்லியாயிற்று. நாற்பது நிமிஷ பஸ் தூரத்தில் இருக்கிறவனுக்கு இன்னும் இல்லை.

சாயங்காலம் யோனாஸ் பதில். பேட்சைச் சேர்த்துவிட்டார். உடனே எழுதினதற்கு நன்றி என்கிறார். கடைசியில் ஒரு கேள்வி: அந்த நண்பருக்கு எப்படிக் கசிந்தது என்று சொல்லிவிட்டாயா, அவர் வேறு யாரையாவது சந்தேகப்படக்கூடும்.

சொல்லிவிட்டேன் என்று பதில் போட்டேன்.

தண்ணீர் வந்தது. குடம், பக்கெட், சொம்பு எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன். கை பாட்டுக்குப் பிடித்தது.

ஜூன் 19, சனி

தாங்கவில்லை. அண்ணனிடம் போக தைரியம் இல்லை, சேகரிடம் முதலில் போகலாம் என்று மறைமலைநகர். ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாம் மாடி. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். உங்களால் இல்லை. என் நிரலால். பொருள் வரி. அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"தெனம் காலைல சர்வர்ல இருந்து லிஸ்டு எடுத்து பர்சனல் மேனேஜர் டேபிளுக்குப் போவும்மா. யாரு, யாருக்கு, இன்னா சப்ஜெக்ட்டு. அத்த அனுப்பறதே எங்க ரூமு பக்கத்துலதான்." அப்புறம், "அதுலதான் மாட்டிக்கினானா."

"அண்ணன் உங்கள அப்படிப் பேசினது தப்புண்ணா. நான் அவன் கைல சொல்றேன். திங்கக்கெழம நீங்க வந்து ஒரு வார்த்த..."

"நேத்து சாய்ங்காலம் கையெழுத்து போட்டுட்டேம்மா."

"எதுல?"

"பக்கம் எதுவும் மாறல, அந்த ஜெராக்ஸ நான் பாத்ததே இல்லன்னு. ஒரு வாரமா கேட்டுகினு இருந்தாங்க, நான் பிடி குடுக்கல. எத்தினி பேரு முன்னாடி நாயின்னான் தெரியுமா? என் பொண்ணு ஸ்கூல்ல கேக்குறாங்களாம், உங்கப்பாதான் காட்டிக் குடுத்தவரான்னு. நான் இன்னாத்துக்கு இவனுக்காக நிக்கணும்னு தோணிச்சு. போட்டுட்டேன்."

மாத்தி எழுதிக் கொடுக்கலாமே என்றேன். சிரித்தார். "அப்ப அது பொய்யின்னு என் வேலையும் போவும். நீ போம்மா."

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். புதன் சாயங்காலம் நான் அந்தப் போனை வைக்காமல் இருந்திருந்தால். இவ்வளவுதான். வேறு ஒன்றும் தேவையாக இருந்திருக்காது.

ஜூன் 20, ஞாயிறு

கருங்குழி. ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டில். அண்ணி ஜுரம் விட்டு எழுந்திருந்தாள், நெத்திலிக் குழம்பு. குழந்தைகளை வெளியே அனுப்பச் சொன்னேன். அண்ணனுக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

சொன்னேன். பூட்டு எதற்கு, எதற்கு இல்லை. பிப்ரவரியில் நான் எழுதின பதில். மஞ்சள் பட்டை. சேகர் இல்லை. சேகர் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டது.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் தரையையே பார்த்தான். சர்ச்சு ஸ்பீக்கர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"அவன் சட்டையப் புடிச்சேனே," என்றான். அப்புறம், "உனுக்கு எப்ப தெரிஞ்சுது?"

கேட்டது என்னவோ சாதாரணமாகத்தான்.

"நேத்து காலைல."

"நேத்தா."

"தெரிஞ்சவொடனே சேகரண்ணா வூட்டுக்கு ஓடினேன். அதுக்குள்ள..."

அண்ணன் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தான். அப்பா செத்த அன்றைக்கு வைத்தது மாதிரி.

"செரி, உடு. நீ இன்னா வேணும்னா பண்ண? தெரிஞ்ச நிமிசம் ஓடியாந்து சொல்லிட்ட. எத்தினி பேரு அத்த செய்வான்? குந்து. சாப்புடு."

சாப்பிட்டேன். அண்ணி இரண்டாவது தடவை குழம்பு ஊற்றினாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 21, திங்கள்

மேகம். மழை இல்லை. ஆபீஸ் போனேன். கையில் எந்த வேலையும் ஓடவில்லை.

மூணே முக்காலுக்கு அண்ணன் போன். விசாரணை அரை மணி நேரம்கூட இல்லையாம். சேகரின் பேப்பரைப் படித்துக் காட்டினார்கள். அவ்வளவுதான். வேலை போய்விட்டது. ஆர்டர் தபாலில் வரும். ஏழுமலை கேசிலும் அந்த ஜெராக்ஸ் இனி நிற்காது என்று வ.மேடம் சொன்னாராம்.

அவன்தான் பேசினான், எனக்கு ஆறுதல் சொல்கிறவன் மாதிரி.

"சேகரு வெளியாண்ட நின்னுகினு இருந்தான். நானே போயி மன்னிப்பு கேட்டேன்மா. அழுதுட்டான். 'மச்சான், வியாழக்கெழம ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்டா'ன்னான்."

"ம்."

"நான் சொன்னேன், இன்னாடா பண்றது, என் தங்கச்சிக்கே சனிக்கெழமதான தெரியும்னு. செரிதானமா?"

பூத்துக்கு வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டது.

"ஆமாண்ணா" என்றேன்.